பேட்டரி தீர்ந்துவிட்டது

"முந்தாநாள்தாம்மா புது பேட்டரி போட்டோம். அதுக்குள்ள தீர்ந்துபோச்சுன்னு மறுபடியும் ஒப்பாரி வைக்குது!"

கட்டிலில் சாய்ந்திருந்தவள் சுவரைக் கண்ணால் காட்டினாள். அங்கே மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடித்ததும், 'அழைப்புப் பொத்தானின் பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று அது செய்தி வாசிப்பதுபோல் ஒருமுறை சொல்லி அடங்கியது.

சர்வீஸுக்கு வந்த பெண் கருவிப் பையைத் தரையில் வைத்தாள். "கழுத்துல மாட்டியிருக்கிற பொத்தானைக் கொடுங்கக்கா, பார்க்கலாம்."

தீப்பெட்டி அளவிலான அந்தப் பொத்தானைக் கயிற்றோடு கழற்ற அவளுக்கு இடது கை மட்டும்தான் உதவியது. வலது கையும் காலும் வேலைநிறுத்தம் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எழுந்திருக்க வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். மாடியறையில் ஆபீஸ் வேலை பார்க்கும் கணவனின் போனில் மணி அடிக்கும். ஏற்பாடு என்னவோ அப்படித்தான்.

"அமுக்கினா சாருக்குக் கேக்கிறதே இல்லையாக்கா?"

"கேக்கும், கேக்காது. அவர் வந்துட்டா வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். வரலைன்னா பேட்டரி போயிடுச்சுன்னு அர்த்தம். போன வாரம் தண்ணி எடுக்கப் போய்க் கீழே விழுந்துட்டேன். மத்தியானம் பூரா தரையிலயே கெடந்தேன். அமுக்கி அமுக்கி விரல் மரத்துப்போச்சு. சாயங்காலம் எதேச்சையா இறங்கி வந்தவர், என்னைப் பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. பாழாப்போன பேட்டரி உன்னைக் கொன்னிருக்குமேன்னு..."

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தங்கமான மனுஷன்மா. எனக்கு அடிபட்டதைவிட அவர் அழுததுதான் தாங்கல. அதான் அவர்கிட்டகூடச் சொல்லாம, வேலைக்கு வர்ற அம்மாவை விட்டு உங்க ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னேன். எப்படியாவது சரிபண்ணிக் கொடுத்துடும்மா. இன்னொரு தடவை அப்படி விழுந்தா நான் தாங்கமாட்டேன்."

சர்வீஸ் பெண் பொத்தானைத் திறந்தாள். உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் பார்த்தவள், சிரித்துவிட்டாள்.

"பேட்டரி மேல தப்பே இல்லக்கா. இது சார்ஜ் பண்ணிப் பண்ணிப் போடுற வகை."

"ஆமா, சிக்கனமா இருக்கும்னு அவர்தான் வாங்கிட்டு வந்தாரு."

"சாதா பேட்டரியைவிட இதுல வோல்டேஜ் எப்பவுமே கொஞ்சம் கம்மி. அது தெரியாம இந்தப் பெட்டி, தீர்ந்துபோச்சு தீர்ந்துபோச்சுன்னு கூப்பாடு போடுது. வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவனைப் பார்த்து, ஐயோ பட்டினின்னு சொல்ற மாதிரி!"

"அப்போ பொத்தான்?"

"கல்லு மாதிரி இருக்கு. பெட்டியோட செட்டிங்ல பேட்டரி வகையை மாத்திட்டா பச்சை விளக்கு வந்துடும், நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி, சிவப்பு எரியும்போதே ஒரு தடவை அமுக்கிப் பாருங்களேன், வேலை செய்யுதா இல்லையான்னு."

பேட்டரியை உள்ளே போட்டு, பொத்தானை அவள் கையில் கொடுத்தாள்.

கலைந்திருந்த முடியை அவள் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். "இப்போ அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாரு, பாரு."

அமுக்கினாள். சர்வீஸ் பெண் பையிலிருந்து எடுத்துப் பெட்டியோடு இணைத்திருந்த டேப்லெட்டில் 'ஒலிக்கிறது' என்று எழுத்து மின்னியது.

"பார்த்தீங்களா? மாடியில சார் போன்ல மணி அடிக்குது!"

எழுத்து மாறியது. 'நிறுத்தப்பட்டது.'

"பார்த்துட்டார். இதோ வந்துடுவார்."

இருவரும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அது தானா நின்னுபோயிருக்குமோ?"

"தானா நிக்காதுக்கா. ஆபத்துக்குன்னு வச்ச மணியாச்சே. யாராவது போனைக் கையில எடுத்து நிறுத்துற வரைக்கும் அடிச்சுக்கிட்டே..." பெருமையாக ஆரம்பித்த சர்வீஸ் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிலில் இருந்தவள் மறுபடியும் அமுக்கினாள்.

'ஒலிக்கிறது.'

'நிறுத்தப்பட்டது.' இந்த முறை, கொசுவை அடிக்கிற வேகத்தில்.

சர்வீஸ் பெண் டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் பார்க்க அவளுக்கே கூசியது.

கொஞ்ச நேரம் கழித்து, காலி காபிக் கோப்பையோடு கணவன் இறங்கி வந்தான். புது ஆளைப் பார்த்ததும் படியிலேயே நின்றான்.

"யாரும்மா இது?"

"பேட்டரியைப் பார்க்க வந்திருக்காங்க. இப்போ ரெண்டு தடவை அமுக்கினேங்க."

"அமுக்கினியா?" அவன் போனைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க மேடம், சின்னச் சத்தம்கூட வரல! இதே தலைவலிதான். போன வாரம் இவ விழுந்துகிடந்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. தயவுசெஞ்சு நல்லாப் பார்த்துக் கொடுங்க."

மனைவியின் நெற்றியை வாஞ்சையாகத் தடவிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனான்.

டேப்லெட்டைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டச் சர்வீஸ் பெண்ணுக்குக் கை துறுதுறுத்தது. ஓர் அடி எடுத்து வைத்தவளின் மணிக்கட்டைக் கட்டிலில் இருந்தவளின் இடது கை பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"பேட்டரி வகையை மாத்திடுறேன்க்கா," என்றாள் அடிக்குரலில். "பச்சை வந்துட்டா, அதுக்கப்புறம் அவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது."

"வேணாம்மா, சிவப்பாவே இருக்கட்டும். பச்சை எரிஞ்சா, அவர் வராத அன்னிக்கு நான் யாரைத் திட்டுறது?"