நேரில் பெற்றுக்கொண்டார்

"பார்சல் எங்க கைக்கு வரவே இல்ல சார்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள் அழகுத்தாய்.

வண்டிப்பெரியார் கூரியர் ஆபீஸ் மேனேஜர் ராஜசேகருக்குச் சுருக்கென்றது. மாசம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. 'கிடைக்கவில்லை' என்று ஒரே ஒரு புகார் ஏறினாலும் மாவட்டத்தில் முதலிடம் போய்விடும். கேடயம் வைக்க அலமாரியில் இடம்கூட ஒழித்து வைத்திருந்தார் மனுஷன்.

"பார்சல்ல என்னம்மா?"

"ஸ்வெட்டர் சார். திருப்பூர்லருந்து மகன் அனுப்புனது. அவுக அப்பா பேருக்கு, ராக்கப்பன்னு."

ராஜசேகர் கம்ப்யூட்டரைத் தட்டினார். அவருக்கு அது குலதெய்வம் மாதிரி. மனுஷன் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் சொல்லாது என்பது அவர் கட்சி.

"இந்தா பாரு. திங்கக்கிழமை திருப்பூர்ல ஏறியிருக்கு. செவ்வாய்க்கிழமை காலைல கம்பம். எட்டேகாலுக்குக் குமுளி செக்போஸ்ட். பதினொண்ணு நாப்பதுக்கு உங்க எஸ்டேட் லயத்து வீட்டுல டெலிவரி. போற எடமெல்லாம் ஸ்கேன் பண்ணியிருக்கு. ராக்கப்பன், நேரில் பெற்றுக்கொண்டார். ஓடிபி இருக்கு, கையெழுத்து இருக்கு."

"அவுகளே நேர்ல வாங்குனாகளா?"

"பின்ன, செத்தவனா எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட்டான்?"

அழகுத்தாய்க்குக் கோபமே வரவில்லை. "கம்ப்யூட்டர்ல தப்பா ஏறியிருக்காதா சார்?" என்றாள்.

வேறெதைச் சொல்லியிருந்தாலும் ராஜசேகர் பொறுத்திருப்பார். ஜன்னல் வழியே எதிர் டீக்கடையைக் காட்டினார். அங்கே மடிப்புக் கலையாத புது ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவரைப் பாரு. இந்தக் குளுருல யாரு வம்புக்கும் போகாம, செவனேன்னு டீ குடிக்கிறாரு. நீ என்னடான்னா காலங்காத்தால வந்து என் உசுர வாங்குற."

"அப்படின்னா நீங்க சொன்னதையே ஒரு தாள்ல அடிச்சு, சீல் வச்சுக் குடுங்க சார். நான் புகார் எழுதல, போயிர்றேன்."

ராஜசேகருக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரே நிமிஷத்தில் அச்சடித்து, ஒன்றுக்கு இரண்டாகச் சீல் குத்தி நீட்டினார். ஆளை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அழகுத்தாய் நேராக டீக்கடைக்குப் போனாள். ஸ்வெட்டர் போட்ட பெரியவர் கையில் தாளைத் திணித்தாள்.

"ஏங்க, கெளம்புங்க ரேஷன் ஆபீசுக்கு. உங்கள முன்னால கொண்டுபோய் நிறுத்துனப்பவும், கம்ப்யூட்டர்ல செத்துட்டாருன்னு சொல்லி அரிசிய நிறுத்துனானே, அவன் மூஞ்சிக்கு நேரா இதக் காட்டுங்க."

"என்னடி போட்டிருக்கு இதுல?"

"நீங்க உசுரோடதான் இருக்கீகளாம்!"