நடுப்பகல் சுரைப்பூ

ஃபிளாஷ் என்பது வெளிச்சம் தரும் கருவி என்று நம்மில் பெரியோர் முதல் சிறியோர் வரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவதற்கில்லை. கையாளத் தெரிந்தவன் கையில் ஃபிளாஷ் தருவது இருட்டு.

இது தெரியாததால்தான் திருக்காட்டுப்பள்ளியில் வைத்தியலிங்கம் ஒரு பத்திர எழுத்தரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, தன் அண்ணி வள்ளியம்மையின் வாசலில் வந்து நின்றார். ஸ்டுடியோ ராம்கியையும் கையோடு இழுத்து வந்திருந்தார். அவன் கழுத்தில் கேமரா தொங்கியது. டிஜிட்டல் கேமரா ஊருக்குள் வந்த புதிது.

"அண்ணி, உங்க மருமகளைக் கூப்பிடுங்க."

பிரகதீஸ்வரி வந்து கதவோரம் நின்றாள். புருஷன் கலியமூர்த்தி மஸ்கட்டில். இவள் இங்கே மாமியாரோடு. இருவருக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். குழம்பில் புளி கூடினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

வைத்தியலிங்கம், ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றி வந்திருந்தார். கன்னங்கரேலென்ற இருட்டில் ஒற்றை வெள்ளைச் சுரைப்பூ. காம்பை ஒட்டி ஒரு நீலக் கயிறு.

"இந்தக் கயிறு யாருது அண்ணி?"

"கலியமூர்த்தி மஸ்கட்லேர்ந்து கொண்டுவந்த பெட்டியில சுத்தியிருந்தது. சுரைப்பந்தலுக்குக் கட்டியிருக்கேன்."

"அப்ப இது உங்க கொல்லை. பின்னாடி எவ்வளவு இருட்டு பாருங்க! ராத்திரி நேரத்துல இவனுக்கு உங்க கொல்லையில என்ன வேலை?"

வைத்தியலிங்கம் செல்போனை எடுத்தார்.

"இப்பவே மஸ்கட்டுக்குப் போன் போடறேன். இவ இங்க இருக்கணுமா, பொறந்த வீட்டுக்குப் போகணுமான்னு அவனே முடிவு பண்ணட்டும்."

பிரகதீஸ்வரி மாமியாரைப் பார்த்தாள். வள்ளியம்மை முறத்தில் உளுந்து புடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு நிமிஷம் சார்," என்றான் ராம்கி. "இப்ப மணி என்ன?"

"பன்னெண்டு. அதுக்கென்ன?"

"வெயில் அடிக்குதா?"

"மண்டை காயுதுடா."

"அப்ப அந்த மாமரத்து நிழல்ல போய் நில்லுங்க."

"நான் எதுக்கு?"

"நீங்கதான் சார் பின்னணி."

பத்திர எழுத்தர் சிரித்துவிட்டார். பிறகு, சாட்சி சிரிக்கலாமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டார்.

வைத்தியலிங்கம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மரத்தடியில் நின்றார். ராம்கி வாசல் செம்பருத்திக்கு நெருக்கமாக ஃபிளாஷைப் பிடித்தான். லென்ஸின் வாயைச் சுருக்கினான். ஷட்டரின் வேகத்தைக் கூட்டினான். வாய் குறுகி, கதவும் சட்டென்று மூடிவிட்டால் பகலுக்கு உள்ளே வர அவகாசம் இருக்காது. ஃபிளாஷுக்கு எட்டுகிற பூ மட்டும் பதியும். எட்டாததெல்லாம் கறுப்பு.

பளீர்.

கேமராவின் திரையைக் காட்டினான். இருட்டில் சிவப்பாக ஒரு செம்பருத்தி. மரமும் இல்லை, வேட்டியும் இல்லை.

"நான் எங்கடா?"

"அங்கதான் சார் இருக்கீங்க. உங்க மேல வெளிச்சம் விழல."

பத்திர எழுத்தர் கேமராவை வாங்கி, வில்லங்கம் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பட்டப்பகல்தான். நான் கண்ணால பார்த்தேன். எங்க வேணாலும் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்."

"பகல்லயே இப்படி எடுக்க முடியும் சார்," என்றான் ராம்கி. முடியும் என்றுதான் சொன்னான்.

வைத்தியலிங்கம் அரைமனதாக இருந்தார். தஞ்சாவூரில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர். கத்தரிக்காய் மார்க்கெட்டில் காய்க்கிறது என்ற அளவில் விவசாயம் அறிந்தவர்.

"எடுக்க முடியும், சரி. ஆனா எடுத்தானா?"

அப்போதுதான் வள்ளியம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"எடுத்தான். நட்டநடுப் பகல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். கொடியை மிதிச்சுத் தொலைக்காதடான்னு கத்தினதுகூட நான்தான்."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணி?"

"என்னையா கேட்டீங்க தம்பி? கயிறு யாருதுன்னு கேட்டீங்க, சொன்னேன். போங்க, போனைப் பையில வைங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

வைத்தியலிங்கம் இரண்டு டம்ளர் குடித்தார். பத்திர எழுத்தர் மூன்று. ராம்கி படத்தை வாங்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல் போனான்.

வாசல் காலியானதும் பிரகதீஸ்வரி மெல்லக் கேட்டாள்.

"அத்தை, அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்லையே. வேளாங்கண்ணிக்குல்ல போயிருந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படி..."

"பந்தல் போட்டவ நான். சுரைப்பூ பொழுது சாஞ்சாத்தான் விரியும், விடிஞ்சா வாடிடும்னு எனக்குத் தெரியாதா?"

பிரகதீஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, நான் வந்து..."

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே. உலை கொதிக்குது, போய்ப் பாரு. இன்னைக்காவது புளியைக் குறைச்சுப் போடு."

மறுநாள் காலையில் வள்ளியம்மை பந்தலிலிருந்து நீலக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டாள். பிறகு, பூவும் பிஞ்சுமாக இருந்த சுரைக்கொடியை வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டாள்.