ஜோடி விளக்கு

கடைக்காரர் அதைத் தூக்கி மேசைமேல் வைத்ததும், வாங்க வந்தவர் இரண்டு கையாலும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பழைய ரயில்வே சிக்னல் விளக்கு. அதே வார்ப்பு, அதே கைப்பிடி, கரி படிந்த அதே மூடி.

இதில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதன் ஜோடிக்காகத்தான் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் நாயாக அலைந்துகொண்டிருக்கிறார்.

இது அந்த ஜோடிதானா, இல்லை வீட்டில் இருப்பது மாதிரியே இன்னொன்றா?

வழக்கமாக மனைவி பக்கத்தில் நிற்பாள். ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, வேலை முடிந்துவிடும். போன தடவை மட்டும் வீறாப்பாகத் தனியே போய், இருப்பதையே மறுபடியும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இன்னொரு முறை அப்படி நடந்தால் அத்தனை விளக்கையும் எடைக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

இன்றைக்குப் பார்த்து வீட்டில் பேச்சு தடித்துவிட்டது. அவளுடைய புடவை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து விளக்குகளை அடுக்கிவிட்டார், அதுதான் விஷயம். கடை வாசல்வரை வந்தவள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

அவர் திரியைத் திருகிப் பார்த்தார். கீலை ஆட்டிப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். எதைப் பார்த்து என்ன புண்ணியம். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"இது எந்த மாதிரி விளக்குங்க?" என்று கடைக்காரரின் வாயைக் கிளறினார்.

"கண்ணு முன்னாடிதானே வச்சிருக்கேன், பாத்தா தெரியலையா சார்? போய் அம்மாவைக் கேட்டுட்டு வாங்க. அவங்க சொல்லாம நீங்க ஒரு திருகாணி வாங்கிருவீங்களா?"

பின்னால் நின்றவர் சிரித்தார். ஓட்டல் அலங்காரத்துக்குப் பழைய சாமான் வாங்குகிறவர். இந்த மாதிரி விளக்கில் துளை போட்டுப் பல்பு மாட்டுகிற ஆசாமி. நினைத்தாலே இவருக்கு வயிறு எரிந்தது.

பெண்டாட்டி தாசன் என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயரை அவர் மெனக்கெட்டுச் சம்பாதித்து வைத்திருந்தார்.

விளக்கை மேசையில் வைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். அவள் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினால், ஓட்டல்காரர் விளக்கோடு எதிரே வருகிறார். காசு கைமாறிவிட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நொந்துகொள்ளக்கூட வழியில்லை. எட்டியது எது என்றே தெரியவில்லையே.

விளக்கு ஆட்டோவைத் தாண்டியபோதுதான் மனைவி தலையைத் திருப்பினாள். கோபமெல்லாம் எங்கே போனதோ, இறங்கி ஓடி வந்தாள்.

"ஐயோ, அதையா விட்டீங்க? அது சிவப்புங்க."

ரயில் ஓட்டும் வேலைக்குப் போனவரைக் கண் பரிசோதனையில் கழித்து, பார்சல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான் என்பது, அந்த டாக்டரை விட்டால், இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தெருமுனையில் மறையும்வரை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்பாம்.