உச்சந்தலை

ஓவியக்காரி போர்வையை உருவினாள். ஃப்ரேம் கடைக்காரியின் மேசைமேல் ஓர் ஆண் மண்டியிட்டிருந்தார்.

எண்ணெய் வண்ணம். மூன்றடிக்கு நாலடி.

மேலே சட்டை இல்லை. ஒருத்தியின் வெற்று முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்திருந்தார். அவளுடைய ஐந்து விரல்களும் அவர் முடிக்குள் இறங்கியிருந்தன. தடவுகிற விரல்கள் அல்ல. முயலைக் காதோடு பிடித்துத் தூக்குவார்களே, அந்தப் பிடி. முதுகில் வெளிச்சம் வியர்வையாக வழிந்தது.

முழங்கால்கள் வரைந்தவளுடையவை. உட்கார்ந்தபடி அவள் குனிந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் படம். ஆகவே ஆணுக்கு முகம் கிடையாது, உச்சந்தலைதான்.

கடைக்காரி அளவு நாடாவை இழுத்தாள். படத்துக்குள் இருப்பதைப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. நாலு ஓரமும் நேராக இருந்தால் போதும். உள்ளே சாமியோ சண்டையோ, எல்லாம் ஒன்றுதான்.

மேல் ஓரத்தில் நாடா நின்றுவிட்டது.

உச்சந்தலையில் இரட்டைச் சுழி. நடுவில் கொட்டைப்பாக்கு அளவு வழுக்கை. அதன் குறுக்கே மூன்று தையல் தழும்பு.

அந்தத் தழும்பு இதே கடையில், ஆணியை விட்டுக் கழன்ற ஒரு ஃப்ரேம் போட்டது. தலைக்குச் சொந்தக்காரரே அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிச் சாயம் பூசுகிறவள் கட்டிய மனைவி. வழுக்கை விழுந்திருக்கிறதா என்று கேட்பார். மருந்துக்குக்கூட இல்லை என்பாள்.

அவர் வீட்டில் குனிந்ததாகச் சரித்திரம் இல்லை. கை தவறி விழுந்த கரண்டி, இவள் கடையடைத்து வரும்வரை தரையில் காத்துக்கிடக்கும். இவள் அதைக் குறையாகச் சொன்னதுமில்லை. எங்க வீட்டுக்காரர் யாருக்கும் தலை குனியமாட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. சில கழுத்துகளை வளையாமலே வார்த்துவிடுகிறார்கள் என்று பத்தொன்பது வருஷமாக நம்பியிருந்தாள்.

நன்றாகவே வளைகிறது.

இன்னொருத்தியிடம் போனதைக்கூட எப்படியாவது விழுங்கித் தொலைக்கலாம். வளையும் என்பதை அல்லவா மறைத்திருக்கிறார்.

"என்னக்கா, கோணலா இருக்கா?"

"படம் நேராத்தாம்மா இருக்கு."

"அவரு வேற கடை சொன்னாரு, ஊருக்கு அந்தப் பக்கம். இதைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் யாரு போறது, சொல்லுங்க."

கடைக்காரி அகலமான கறுப்பு மரத்தைக் காட்டினாள். ஓவியக்காரிக்குப் பிடித்துப்போயிற்று.

பின்பக்கம் ஒட்டும் சீட்டில் தலைப்பு எழுதித் தருவது கடை வழக்கம். பேனாவை எடுத்துக்கொண்டு, படத்துக்குப் பேர் என்ன என்று கேட்டாள்.

"'மனைவியை இழந்தவர்'னு போடுங்க. நெசமாவே பாவம்க்கா. சம்சாரம் போய் ஆறு வருஷமாச்சாம். அவங்க பேச்சை எடுத்தாலே மண்டி போட்டு மடியில சாஞ்சுடுவாரு."

பேனா சீட்டில் புள்ளியாக நின்றது.

"எதுல போனாங்களாம்?"

"தூக்கத்துலயேக்கா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியலையாம்."

காலமானவள் தலைப்பைப் பிழையில்லாமல் எழுதி, மை காய ஊதினாள்.