முடிச்சு வரைக்கும்

பூவரச மரத்தில் ஓர் அணில் சும்மா வாலை நீவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கிளையிலிருந்து தையல்சிட்டு கூப்பிட்டது. "அக்கா, செத்த நேரம் இந்த இலையைப் பிடிச்சுக்கோயேன். பாதித் தையல்ல பஞ்சு தீர்ந்துபோச்சு. விட்டுட்டுப் போனா காத்துல பிரிஞ்சிடும். எனக்கோ இன்னிக்கு முட்டையிடுற நாள்."

அணிலுக்குப் பகீரென்றது. "ஏண்டி, கூடு, முட்டை, குஞ்சுன்னு அத்தனையும் என் தலையில கட்டப் பாக்குறியா?"

சிட்டு சிரித்தது. "அந்தா, மேலே ஒரு முடிச்சு போட்டிருக்கேன் பாரு, அது வரைக்கும்தான் உனக்கு. வரும்போதே எனக்கு வலி கண்டுட்டா, பஞ்சை நீயே திரிச்சு, மூணு துளையில கோத்தா முடிச்சு வந்துடும். அதோட நிறுத்திடு. அதுக்கு மேல என் பாடு."

அணில் இலையை அணைத்துப் பிடித்தபடி, "திரி, மூணு துளை, முடிச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தது.

சிட்டு திரும்பி வந்தபோது அதற்கு வலி கண்டிருந்தது. பஞ்சை அணிலின் கையில் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டது. அணில் திரித்தது, கோத்தது, முடிச்சைத் தொட்டதும் கையை எடுத்தது. சிட்டு மெல்ல உள்ளே நகர்ந்து உட்கார்ந்தது. இலை தாங்கியது.

மறுநாள் எதிர்க்கிளையில் வேறொரு சிட்டு, அதே மாதிரி முடிச்சு போட்டு, பஞ்சு தீர்ந்து நின்ற பாதிக் கூட்டின் முன்னால் அழுதுகொண்டிருந்தது. அணில் ஒரே தாவாகத் தாவிப் போய் இலையைப் பிடித்தது.

"அழாதடி. நீ பஞ்சு மட்டும் கொண்டுவா. மீதி எங்கிட்ட இருக்கு."