ரவையில் பங்கு

ஒரு மிருதங்கத்தில் இடது பக்கம் இருந்த இடந்தலைக்கு, வலது பக்கத்து வலந்தலை மேல் ரொம்ப நாளாகவே சந்தேகம். ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் இரண்டும் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை.

"சபையில எல்லாரும் அவன் நாதத்தைத்தான் பேசுறாங்க. நான் வாயைத் திறந்துடக் கூடாதுன்னுதான் கச்சேரிக்குக் கச்சேரி ரவையைப் பிசைஞ்சு என் முகத்துல அப்புறாங்க. எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்த வேலை" என்று இடந்தலை கறுவிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கச்சேரி நடுவில் ரவையை உதறித் தள்ளிவிட்டது. "இப்பக் கேளுங்கடா!" என்று முழங்கப் பார்த்தது. தகர டப்பாவைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. சபையே சிரித்துவிட்டது. வித்வான் பதறிப்போய் மறுபடி ரவை பிசைய ஆரம்பித்தார்.

அப்போது முதுகுப் பக்கமிருந்து வலந்தலையின் குரல் கேட்டது.

"கொடுத்து வச்சவன்ப்பா நீ. ஒவ்வொரு கச்சேரிக்கும் உனக்குப் புதுசா ஊட்டி விடுறாங்க. என்னை விளிம்புல கல்லால அடிச்சு அடிச்சுத்தான் பாட வைக்கிறாங்க."

ரவை குளிர்ச்சியாக வந்து ஒட்டியதும் இடந்தலை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

'இத்தனை நாள் பேசாதவன் இன்னைக்கு எதுக்கு இப்படிக் குழையுறான்? ரவையில பங்கு கேட்கத்தான் அடிபோடுறான்!'