மோப்பம் டாட் காம்

மெர்சியின் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி மீந்திருந்த தயிர்சாதத்துக்குள் ஸ்பூனை விட்டுத் துழாவினார் ஜெரால்ட். ஓரத்தில் இருந்த மாங்காய் ஊறுகாயைக்கூட விடவில்லை, புரட்டிப் பார்த்தார்.

"சாப்புடுற சோறு சார் அது," என்றாள் மெர்சி.

"சோத்துல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. சோத்துக்கு அடியில இன்னா இருக்குதுன்னுதான் பாக்கணும்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செல்போன் தயாரிக்கும் அந்தக் கம்பெனிக்கு அவர்தான் செக்யூரிட்டி ஆபீசர். பட்டாளத்தில் இருபது வருஷம் எல்லையைக் காத்த மனிதர், இப்போது ஒரு வெப்சைட்டிடம் தோற்றுப்போய் நின்றார்.

கம்பெனி எந்தப் புதுப் போனை வெளியிடப் போனாலும், ஒரு மாதம் முன்னாடியே அது 'மோப்பம் டாட் காம்' என்ற வெப்சைட்டில் வந்துவிடுகிறது. நேற்றும் வந்திருந்தது. "இரண்டு சிம், டார்ச் லைட், எஃப்.எம். ரேடியோ, எடை எண்பத்தாறு கிராம். பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வாசகர்கள் பொறுத்தருள்க!"

வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மானேஜர் பொறுக்கவில்லை. "சாயந்திரம் ஆறு மணிக்குள்ள திருடன் பேரு என் டேபிளுக்கு வரணும். வரலைன்னா நாளைக்கு நீங்க வர வேணாம்" என்று ஜெரால்டிடம் சொல்லிவிட்டார்.

ஜெரால்டும் சும்மா இருக்கவில்லை. செல்போன், கேமரா, பென்டிரைவ் எதையும் கேட்டைத் தாண்ட விடவில்லை. பெண்களின் கொண்டையைக்கூட ஒரு பெண் காவலாளியை வைத்து அவிழ்த்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படாமல், கடைசியில் மெர்சிதான் அகப்பட்டாள். அவளுக்கு பேக்கிங் செக்ஷனில் வேலை. ஷிப்ட் முடிந்தால் தினமும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போகிறாள் என்று தகவல் வந்திருந்தது.

"அங்க உனக்கு இன்னாம்மா வேலை?"

"எங்க ஊட்டுக்காரரு சார்ஜாவுல இருக்காரு சார். கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துப் பேசத்தான் போறேன்."

"மாட்டிக்கினா எல்லாரும் இப்டித்தான் சொல்றது."

"அடுத்த மாசம் என்னை பர்மனென்ட் பண்றதா இருக்காங்க சார். இந்த நேரத்துல பேஜாரு பண்ணாதீங்க..." மெர்சி அழுதுவிட்டாள்.

ஜெரால்டுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் ஆறு மணிக்கு ஒரு பேர் வேண்டுமே! ரிப்போர்ட்டில் அவள் பேரை எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு எதிரில் இருந்த ஞானம்மாவின் டீக்கடைக்கு நடந்தார். மனசு சரியில்லை என்றால் அவருக்கு வடை வேண்டும்.

ஞானம்மா இரண்டு மசால் வடையைப் பேப்பரில் வைத்து நீட்டினாள். "சாரு, பேப்பர் தீந்துபோச்சு. நாளைக்கு ஒரு கட்டு குடுத்தனுப்பு."

"வாங்கிக்கோ. பிரிண்டிங்ல வீணாப் போனது உள்ள மலையாட்டம் கெடக்குது."

ஜெரால்ட் வடையைப் பேப்பரோடு சேர்த்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்தார். கொலஸ்ட்ரால் இருக்கிறது. டாக்டர் சொல்லைத் தட்டமாட்டார்.

பெஞ்சில் வழக்கம்போல ரஷீத் பாய் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோல் பையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்து, இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் என்று பயந்தே ஜெரால்ட் இத்தனை நாளும் பேச்சுக் கொடுத்ததில்லை. இன்றைக்கு அடக்க முடியவில்லை. மானேஜர் திட்டியது, மெர்சி அழுதது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ரஷீத் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு பேரைக் கிழிச்சிடுங்க சார். அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அது எப்டி உங்களுக்குத் தெரியும் பாய்?"

"மோப்பம் டாட் காம் நடத்துறதே நான்தான் சார்."

கடித்த வடை ஜெரால்டின் தொண்டையிலேயே நின்றது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டு எழுந்தார்.

"யோவ்! உள்ள யாருய்யா உனக்கு ஆளு?"

"வேணாம் சார். சொன்னா அவரு வேலை போயிடும். பாவம், புள்ளகுட்டிக்காரரு."

"போவட்டும்யா! அந்த சோமாரியால ஒரு பொண்ணு அழுதுகினு போவுது. அவனைக் கேட்டுலயே கட்டிவெச்சி ஒதைக்கிறனா இல்லையா பாரு!"

"ரொம்ப நல்ல மனுஷன் சார். தெரியாமத்தான் செஞ்சிக்கினு இருக்காரு."

"திருடனுக்கு நீ வக்கீலா? இந்தா, அந்தப் பொண்ணு பேரு போச்சு!" ஜெரால்ட் ரிப்போர்ட்டை எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டார். பாக்கெட் நோட்டைப் பெஞ்சின் மேல் விரித்தார். இடது கையில் பேப்பரோடு மிச்ச வடை, வலது கையில் திறந்த பேனா. "இப்ப சொல்லு. உனக்கு நியூஸ் குடுக்குறவன் எவன்?"

ரஷீத் பாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அந்த வடையை வாயில போட்டுக்கினு பேப்பரைப் பிரிச்சிப் படிங்க சார். எண்ணெய் படாத எடமெல்லாம் தெளிவாத்தான் இருக்கும்."